ஊற்று என்றவரும் ஊற்றாதே என்றவரும்

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் பாதி எழுந்து, பாதி உட்கார்ந்திருந்த நேரத்தில் மீன்குட்டைக்காரர் தெருவாசல் வழியாக நேரே உள்ளே வந்து, கையிலிருந்த வாளியைக் கல்லாமேசை மேல் தூக்கி வைத்தார். வாளி நிறையச் செத்த மீன். வாயைப் பிளந்தபடி, செவுள் கருத்துக் கிடந்தன. பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

கல்லாவில் இருந்தவருக்குத் தெருவில் 'சரிசார்' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். அன்றும் அதுவே வந்துவிட்டது. மீன்குட்டைக்காரருக்கு இன்னும் ஏறியது.

"என்னய்யா சரி? எது சரி? உங்க கழிவுத்தண்ணி என் குட்டையில வந்து விழுது. காலையில போய்ப் பார்த்தா குட்டை முழுக்க வெள்ளையா மிதக்குது. உனக்குத்தான் கொண்டாந்தேன். சமைச்சு வித்துக்கோ."

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து சரிசாரின் மனைவி கரண்டியோடு வந்தாள். பாத்திரம் கழுவுமிடத்திலிருந்து சரிசாரின் அக்கா ஈரக்கையோடு வந்தாள். அந்த உணவகத்தை நடத்தியது இந்த மூன்று பேர்தான். தம்பி கல்லா, தம்பி மனைவி அடுப்பு, அக்கா சுத்தம். கீழே உணவகம், மாடியில் வீடு.

அக்கா வாளியை எட்டிப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். அந்த வாளி வைத்த இடத்தை உடனே கிருமி மருந்து போட்டுத் துடைக்க வேண்டும் என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. மீன்குட்டைக்காரர் அவளை ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்தார். இனி இந்த வீட்டு வாசலில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, வாளியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அக்காவுக்கும் ஒரு பெயர் இருந்தது: பினாயிலக்கா. அதை யாரும் அவள் காதுபடச் சொல்வதில்லை. அவளுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை இருந்து, வயிற்றுப்போக்கில் போய்விட்டது. பேசத் தொடங்கியிருந்த வயது. எந்தத் தண்ணீரால் வந்தது, எந்தச் சோற்றால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததால் அவள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். புருஷனோடு ஒத்துவராமல் தம்பி வீட்டுக்கு வந்தபிறகு, அந்தச் சந்தேகத்துக்கு ஒரு உணவகமே வேலையாகக் கிடைத்தது. மேசை, தரை, கத்தி, கதவுப்பிடி, தண்ணீர்க் குழாய் எதுவும் அவள் கையிலிருந்து தப்பாது. வாடிக்கையாளர் எழுந்து நாற்காலி சூடு ஆறுவதற்குள் அது துடைக்கப்பட்டுவிடும்.

அதுவரைக்கும் பெரிய கெடுதல் எதுவும் இல்லை. மீன் சாவதற்குக் கொஞ்சம் முன், மழைக்காலத் தொடக்கத்தில், அங்கே சாப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு வாந்தி என்று புகார் போனது. சுகாதார ஆய்வாளர் வந்தார். கறாரான மனிதர், கைக்குட்டையால் கதவைத் தொட்டுத் திறப்பவர். காரணம் இதுதான் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் இனிமேல் சாப்பாடு படும் இடம் எல்லாவற்றிலும் கிருமிநாசினி கட்டாயம் என்று சொல்லி, கெட்டியான ஒரு திரவத்தைக் காட்டிவிட்டுப் போனார். வாசனை கிடையாது, நுரை மட்டும் வரும். அக்காவின் பயத்துக்கு முதல் தடவையாக அரசாங்க அனுமதி கிடைத்தது. ஒரு மூடி ஊற்றச் சொன்ன இடத்தில் ஒரு குவளை ஊற்றினாள். நுரை அடங்காமல் சாக்கடைக்குழி வழியாகப் பின்பக்கம் போனது.

பின்பக்கம் ஒரு தொட்டி இருந்தது. ஊரின் பெரிய சாக்கடைக் குழாய் அந்தக் கோடிவரை வரவில்லை. அதனால் பெரிய அடுப்பு வைத்திருப்பவர்கள் தங்கள் கழிவுநீரைத் தாங்களே சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும். முதல் அறையில் எண்ணெய் மிதந்து நிற்கும். அடுத்த அறையில் ஒரு மோட்டார் அடியிலிருந்து காற்றடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் தெளிந்தது வாய்க்காலில் இறங்கி, மேட்டுக்குக் கீழே இருந்த மீன்குட்டைக்குப் போகும். வருஷக்கணக்காக அப்படித்தான் போனது, மீனும் வளர்ந்தது.

மீன்குட்டைக்காரர் கொடுத்த புகாரில் நீர்த்துறை அதிகாரி வந்தாள். சின்னப் பெண், முழங்கால்வரை ரப்பர் காலணி. தொட்டி நீரை ஒரு குப்பியில் பிடித்து ஒரு காகிதத் துண்டை நனைத்தாள். மஞ்சளாக இருந்தது கரும்பச்சை ஆனது. அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன ஊத்தினீங்க இதுல?" என்று கேட்டாள்.

ஒன்றும் ஊற்றவில்லை என்று சரிசார் சொன்னார். அதிகாரி சமையலறைக்குள் போய்ச் சுவரோரம் அடுக்கியிருந்த காலிக் கேன்களைப் பார்த்துவிட்டு வந்தாள். கோபப்படவில்லை. தொட்டிவிளிம்பில் உட்கார்ந்து அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"மிச்சம் மீதி அழுகினா அமோனியா வரும். மீனைக் கொன்னது அதுதான். இந்தத் தொட்டியில கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு. ஒரு கூட்டம் அமோனியாவைத் தின்னு வேற உப்பா மாத்தும். இன்னொரு கூட்டம் அந்த உப்பைக் காத்தா மாத்தி மேல அனுப்பிடும். அப்படித்தான் தண்ணி சுத்தமாகுது. உங்க மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. முதல் கூட்டம் மொத்தமும் காலி. அதுங்க மெதுவாத்தான் பெருகும். அடுத்த சோதனைக்குள்ள சரிபண்ணலைன்னா நான் கடையை மூடச் சொல்லியாகணும்."

"சரி சார்" என்றார் தம்பி, அந்தப் பெண்ணைப் பார்த்து.

அக்கா அப்படிச் சொல்லவில்லை. கிருமி செத்ததற்குத் துக்கம் விசாரிக்க வந்தவள் என்று அதிகாரி போனபிறகு ஏளனம் செய்தாள். தம்பி மிச்சமிருந்த மருந்துக் கேன்களை மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்தார். அவள் தேடவே இல்லை. கடைத்தெருவுக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தாள். தம்பி மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் காலையில் அடுப்பைப் பற்றவைக்காமல் அக்காவின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணி, நீங்க என்னை அடிச்சாலும் பரவாயில்ல. இந்தக் கடை மூடினா நாம மூணு பேரும் நடுத்தெருவுல நிப்போம். கூட ஒரு மனுஷன் குட்டையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அந்தப் பொண்ணு சொல்றது பொய்யின்னு நிரூபிங்க. நான் உங்க பக்கம் நிக்கிறேன். நிரூபிக்க முடியலைன்னா கேனைக் கீழ வைங்க."

நிரூபிக்கத்தான் அக்கா கிளம்பினாள். நீர்த்துறை அலுவலகத்துக்கு நடந்தே போய், அந்த உயிர்களை எனக்குக் கண்ணால் காட்டு என்று கேட்டாள். கண்ணால் காட்ட முடியாது, வேறொன்று காட்டுகிறேன் என்று அதிகாரி அவளைத் தன் வண்டியிலேயே ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு பெரிய மாணவர் விடுதியின் கழிவுநீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போனாள். அங்கே நீர் காப்பிநிறத்தில் குமிழிவிட்டுச் சுழன்றுகொண்டிருந்தது. அக்கா புடவைத்தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அருகில் போனாள். கொஞ்சம் கழித்துத் தலைப்பை எடுத்தாள். குனிந்தாள். மறுபடி குனிந்தாள்.

அவள் மூக்கை ஏமாற்ற முடியாது. பழைய துணியின் வாடை, அழுகிய தக்காளியின் வாடை, ஊசிப்போன எண்ணெயின் வாடை எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவாள். இங்கே அப்படி எதுவும் இல்லை. மழை விட்டபிறகு தோட்டத்து மண் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. விடுதி முழுவதன் அழுக்கும் அதற்குள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மண்வாசனைதான் வந்தது.

தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு கேட்டாள்: "எம் பொண்ணைக் கொண்டுபோனதும் இந்த ஜாதிதானே?"

அதிகாரிக்கு இந்தக் கதை தெரியாது. காற்றடிக்கும் மோட்டாரின் சத்தத்தில் கேட்கும்படி அருகில் வந்து நின்றாள்.

"இல்லம்மா. அது வேற. கிருமின்னு நாம மொத்தமா ஒரு பேர் வச்சுட்டோம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது. இதுங்களுக்கு உங்க பொண்ணைத் தெரியாது."

"நான் எதையும் மன்னிக்கல" என்றாள் அக்கா. "ஆனா இதுங்க செய்யாததுக்கு இதுங்களை அடிச்சேன்னா அது என் தப்பு."

அன்று சாயங்காலம் தெரு வேடிக்கை பார்த்தது. ஒரு சின்னச் சரக்கு வண்டியின் பின்னால் நான்கைந்து பீப்பாய்கள். நடுவில் பினாயிலக்கா, தளும்பாமல் மூடிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே விடுதித் தொட்டியின் கசடு, அந்த உயிர்களோடு. கிருமியை வண்டி வைத்து அழைத்து வருகிறாள் என்று தையல்கடைக்காரர் சொல்ல, தெருவே சிரித்தது. அவள் வண்டியிலிருந்தே, சிரிக்கிறவர்கள் வந்து ஒரு கை பிடியுங்கள் என்றாள். சிரிப்பு நின்றது. தையல்கடைக்காரர் வந்து பிடித்தார்.

கசடைக் கவிழ்த்ததோடு வேலை முடியவில்லை, தொடங்கியது. தொட்டி முழுக்கப் பழைய மருந்து கலந்திருந்ததால், அதைப் பாதிக்குமேல் லாரியில் இறைத்து அனுப்பிய பிறகே புதியது உள்ளே போனது. தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெயைக் காகிதத்தால் வழித்துக் குப்பையில் போட்டபிறகுதான் கழுவ வேண்டும். தொட்டிக்கு அவ்வப்போது சமையல் சோடா போட வேண்டும், அமோனியாவைத் தின்கிற கூட்டத்துக்கு அது தேவை என்று அதிகாரி சொல்லியிருந்தாள். இதுவரை மனுஷருக்குத்தான் சமைத்தேன், இப்போது தொட்டிக்கும் பக்குவம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று தம்பி மனைவி சோடாவை அளந்து கொட்டினாள்.

மருந்து இல்லாமல் தட்டை எப்படிக் கொடுப்பது என்று அக்கா தவித்தாள். அதற்கும் வழி தம்பி மனைவியிடமிருந்துதான் வந்தது. பின்னடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றி, கம்பிக்கூடையில் தட்டுகளை அடுக்கி, கொதிக்கிற நீரில் முக்கி எடுப்பது. முதலில் அக்கா நம்பவில்லை. பிறகு அந்த அண்டாவைவிட்டு நகரவில்லை. நீராவியில் சுவர் வியர்த்தது. முன்கை சிவந்து, கொப்புளித்து, தோல் உரிந்தது. எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி கூடையைப் பிடித்தாள். கொதிநீரை நேராகத் தொட்டிக்கு விடாமல் ஒரு பீப்பாயில் ஆறவைத்து விட்டாள். பச்சைக் கறி வெட்டும் பலகைக்கு மட்டும் மருந்து, அதுவும் சொன்ன அளவு. அதைத் துடைத்த துணி சாக்கடைக்குப் போகாது, குப்பைக்குப் போகும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது சுகாதார ஆய்வாளர் வந்து சேர்ந்தார். கைக்குட்டையால் கதவைத் திறந்தார். தரையைப் பார்த்தார், நுரை இல்லை. அலமாரியைப் பார்த்தார், ஒரே ஒரு கேன். தன் உத்தரவை மதிக்கவில்லை என்றும், உடனே பழையபடி எல்லா இடத்திலும் ஊற்றத் தொடங்காவிட்டால் கடையை மூடிவிடுவேன் என்றும் சொன்னார். சரிசாருக்கு வாய்வரை வந்துவிட்டது. அவர் மனைவி அடுப்படியிலிருந்து பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆய்வாளருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். டீ கொண்டுவரச் சொன்னாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, நீர்த்துறைப் பெண்ணைக் கையோடு கூட்டிவா என்று அனுப்பினாள். எதற்கு என்று ஆய்வாளர் கேட்டார்.

"நீங்க ஊத்துன்னு சொல்றீங்க. ஊத்தினா மூடுவேன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. ஊத்தலைன்னா மூடுவேன்னு இப்ப நீங்க சொல்றீங்க. ரெண்டு பேரும் ஒரே அரசாங்கம். நடுவுல நான் என்ன பண்ணட்டும்? இன்னிக்கு ரெண்டு பேரும் இதே மேசையில உக்காந்து பேசி ஒரு முடிவு சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் அடுப்பை அணைக்க மாட்டேன்."

"என்னை மிரட்டுறீங்களா?"

"டீ ஆறுது, குடிங்க."

ஆய்வாளர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அவள் முன்கையைப் பார்த்துவிட்டு என்ன காயம் என்று கேட்டார். அக்கா அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் அண்டாவைக் காட்டினாள். அவர் பையிலிருந்து வெப்பமானியை எடுத்து நீரில் விட்டுப் பார்த்தார். எவ்வளவு நேரம் முக்குகிறீர்கள் என்று கேட்டார். முதலில் அதிகாரியாகக் கேட்டவர், போகப்போகக் கூடைக்கம்பியின் இடைவெளியைப் பற்றிக்கூட யோசனை சொன்னார். தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினால் நடுவில் சூடு ஏறாது என்றார். அது நல்ல யோசனை. அக்கா உடனே கூடையில் தட்டுகளைக் கலைத்து அடுக்கினாள்.

நீர்த்துறைப் பெண் மழையில் நனைந்துகொண்டு வந்தாள். இரண்டு பேருக்கும் அலுவலகம் ஒரே கட்டடம், வேறு வேறு மாடி. ஒருவர் முகத்தை ஒருவர் படிக்கட்டில் பார்த்ததோடு சரி. இவரால் வந்த வினை என்று அவளும், இவளுக்கு நோயைப் பற்றி என்ன தெரியும் என்று அவரும் முதலில் விறைப்பாகத்தான் ஆரம்பித்தார்கள். தம்பி மனைவி சாப்பாடு வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவது கஷ்டம். கடைசியில் வெப்பமானி வைத்துக் கொதிநீர், கறிப்பலகைக்கு மட்டும் மருந்து, துணி குப்பைக்கு என்று அக்கா ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததையே இருவரும் தங்கள் முடிவாகச் சொன்னார்கள். அக்கா அதற்கு நன்றி சொல்லவில்லை. நல்லது, இதை உங்கள் மாடிகளிலும் போய்ச் சொல்லுங்கள் என்றாள்.

ஆனால் தொட்டிக்கு யாருடைய முடிவும் தெரியாது. குளிர் இறங்கிவிட்டது. அந்த உயிர்கள் குளிரில் இன்னும் மந்தமாகும். காகிதத்துண்டு பச்சையாகவே இருந்தது. மேலே தார்ப்பாய் போர்த்தினார்கள். இதற்கிடையில் மீன்குட்டைக்காரர் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைக் கரைபோட்டு அடைத்துவிட்டார். உங்கள் தண்ணீர் உங்கள் வீட்டிலேயே நிற்கட்டும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நீர் எதிர்த்துக் கொல்லைப்புறம் ஏறியது. லாரி வைத்து இறைத்தார்கள். சமையலைப் பாதியாகக் குறைத்தார்கள். மாலையில் கடை திறப்பதையே நிறுத்தினார்கள்.

சோதனைக்கு அதிகாரி வருகிற அன்று விடியற்காலை, அக்கா பின்வாசல் திறந்தபோது தம்பி தொட்டியின் கடைசி அறைப் பக்கம் குனிந்திருந்தார். கையில் தோட்டக்குழாய், மறுமுனை நல்லதண்ணீர்க் குழாயில். நல்ல நீரைக் கலந்துவிட்டால் பச்சை வெளுத்துவிடும். எல்லோருக்கும் தெரிந்த தந்திரம்தான்.

"விடுக்கா. இன்னிக்கு ஒருநாள். அந்தப் பொண்ணு போனதும் எடுத்துடுறேன்" என்றார்.

அக்கா உள்ளே போனாள். கறி வெட்டும் கத்தியோடு வந்தாள். தம்பி ஒரு கணம் பயந்தே போனார். அவள் குழாயைக் காலால் மிதித்துக்கொண்டு இரண்டாக அறுத்தாள். பிறகு ஒவ்வொரு துண்டையும் இரண்டாக அறுத்தாள்.

"கீழ அந்த மனுஷன் குட்டைக்குத் தெரியாதா நாம கலந்தது? நான் வண்டியில உக்காந்து கொண்டாந்தேன்டா இதுங்களை. ஊரே சிரிச்சுது. தோத்தா தோத்தேன்னு சொல்லிட்டுப் போறேன். ஜெயிச்ச மாதிரி நடிக்க என்னால முடியாது."

"சரிக்கா" என்றார் தம்பி. மழைத்தூறலில் துண்டுகளைப் பொறுக்கினார்.

அதிகாரி வந்து காகிதத்தை நனைத்தாள். கரும்பச்சை இல்லை, இளம்பச்சை. ஆனால் அவளிடமிருந்த வண்ண அட்டையில் அனுமதித்த கட்டத்துக்கு இன்னும் மேலே. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இறங்கியிருக்கிறது, ஆனால் போதாது, விதிப்படி மூடத்தான் வேண்டும் என்றாள்.

"மூடுங்க" என்றாள் அக்கா. "மூடினா இதுங்களுக்கு யார் சோறு போடுவா? நாலுநாள் பட்டினி கிடந்தா திரும்பச் சாகும். அப்புறம் நான் மறுபடி வண்டி எடுத்துக்கிட்டு நீங்க காட்டின அந்த விடுதிக்குப் போகணும். மறுபடி போவேன், அது வேற விஷயம்."

"பட்டினி போட்டா நலிஞ்சுடும்னு எனக்கும் தெரியும்மா."

"தெரியும்ல. அப்ப அதை உங்க மேலதிகாரிகிட்ட சொல்லுங்க. உங்களால முடியலைன்னா நான் வந்து சொல்றேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வேண்டாம், நானே போராடிப் பார்க்கிறேன் என்றாள். போராடினாள். பாதிச் சமையலோடு, சொட்டு நீரும் வாய்க்காலில் இறங்காமல் லாரியிலேயே இறைத்தபடி, இன்னொரு சோதனைவரை நடத்தலாம் என்று அனுமதி வாங்கி வந்தாள். ஆய்வாளரும் மாடி இறங்கி வந்து அக்காவுக்காக இரண்டு வார்த்தை பேசினாராம்.

அந்த இன்னொரு சோதனைக்கு முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காலையில் தார்ப்பாயை விலக்கியவள் உள்ளே வந்து தம்பி மனைவியின் கையைப் பிடித்து இழுத்துப்போய், மோந்து பார் என்றாள். தம்பி மனைவி மோந்து பார்த்துவிட்டு மண்வாசனை தவிர ஒன்றும் தெரியவில்லையே என்றாள். அதுதான் என்றாள் அக்கா. அதிகாரியின் சோதனையிலும் அதன்பிறகும் காகிதம் மஞ்சளிலேயே நின்றது.

மீன்குட்டைக்காரர் காகிதத்தை நம்பவில்லை. ஒரு வலைக்கூடையில் கொஞ்சம் மீன்குஞ்சுகளைப் போட்டு, கரைக்கு இந்தப் பக்கம், உணவகத்து நீர் தேங்கும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டார். தினமும் வந்து பார்த்தார். யாரோடும் பேசவில்லை. அக்காவும் அவரிடம் மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. அவள் நகையில் ஒரு வளையல் குறைந்திருந்ததை வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. குட்டைக்கு ஒரு வண்டி மீன்குஞ்சு வந்து இறங்கியதைத் தெரு பார்த்தது. அவர் அதைத் திருப்பி அனுப்பவும் இல்லை, வாய்க்காலைத் திறக்கவும் இல்லை. வலைக்கூடையில் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

பிறகு ஒருநாள் மதியம், கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், அவர் உள்ளே வந்தார். முழங்கால்வரை சேறு. தோளில் மண்வெட்டி. கரையை இப்போதுதான் வெட்டிவிட்டு வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, பார்த்தாலே தெரிந்தது. மண்வெட்டியை வாசலில் சாய்த்துவிட்டு, நடுவில் காலியாக இருந்த மேசையில் போய் உட்கார்ந்தார். சரிசார் எழுந்து நின்றுவிட்டார்.

பின்கட்டிலிருந்து அக்காதான் வந்தாள். கையில் அப்போதுதான் அண்டாவிலிருந்து எடுத்த தட்டு, ஆவி பறந்தது. அவர் காலிலிருந்து தரையில் வடிந்த சேற்றைப் பார்த்தாள். துடைக்கவில்லை. தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் தட்டைத் தன் பக்கம் இழுக்கப்போய் விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"சுடுது" என்றார்.

"சுடத்தான் சுடும்" என்றாள் அக்கா. "சாப்பிடுங்க."